கரைக்கு ஆட வருகிறவர்களுக்கு: முதல் எட்டு வாரங்கள்

புதிதாக வர நினைப்பவர்கள் போனில் முதலில் சொல்வது ஒன்றுதான்: "எனக்கு ஆடவும் வராது, பாடவும் வராதுங்க." நல்லது. எங்கள் கூட்டத்தில் ஆடத் தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. நான் ராமநாதபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். என்னோடு ஒரு சத்துணவு அமைப்பாளர், கீழக்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஒரு கல்லூரி மாணவி, கடலில் பாசி எடுக்கப் போகும் ஒரு மதினி, ஓய்வு பெற்ற வி.ஏ.ஓ. ஒருவர், இன்னும் நாலைந்து பேர். ஞாயிறு சாயங்காலம் நாலரை மணிக்கு உச்சிப்புளிப் பக்கம் வடகடல் (பாக் நீரிணை) கரையில் கூடுவோம். இருட்டுவதற்குள் கலைந்துவிடுவோம். இடையில் நடப்போம், கும்மி அடிப்போம், முனகுவோம், கத்துவோம், எப்போதாவது ஒரு சின்ன நாடகம் போடுவோம். பார்க்க ஆள் கிடையாது. சவுக்குத் தோப்பில் மேய வரும் ஆடுகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போகும்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப்பேர் மனசில் கிடப்பதையெல்லாம் முதல் நாளே கொட்டிவிட வேண்டும் என்ற வேகத்தில் வருகிறார்கள். கொட்டுவது சுலபம். அலைச் சத்தம், பொழுது சாய்கிற நேரம், பக்கத்தில் நாலு பேர் முனகுவது, இவ்வளவே போதும். அழுகை தானாக வரும். அப்புறம் அந்த மனிதரை ஏழரை மணி பஸ்ஸில் எந்த நிலையில் ஏற்றி அனுப்புவது?

எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஒருவருக்கு அருள் வந்தால், பின்னால் ஒரு ஆள் இடுப்பில் துண்டைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். விபூதித் தட்டும் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பும் தயாராக இருக்கும். சாமி மலையேறுகிற வரைக்கும் அந்த ஆள் கையை எடுக்க மாட்டார், கண்ணையும் எடுக்க மாட்டார். ஆடுகிறவரைத்தான் ஊரே பார்க்கும். பிடிக்கிறவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆனது. கீழே சொல்லியிருப்பதில் பாதி அவருடைய வேலைதான்.

வருவதற்கு முன்னால்

இது வைத்தியமா என்று கேட்பார்கள். இல்லை. அசைவை வைத்து வைத்தியம் செய்வது தனிப் படிப்பு. அமெரிக்காவில் மரியன் சேஸ் என்ற நடனக்காரர் 1942-ல் வாஷிங்டனில் இருக்கும் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனைக்குள் போய் நோயாளிகளோடு சேர்ந்து ஆடத் தொடங்கினார். அந்தத் துறைக்கு வேர் போட்டவர்களில் அவர் ஒருவர். அவர் ஆடியது மருத்துவமனைக்குள். டாக்டரும் நர்சும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். இங்கே கூப்பிட்டால் ஆடுதான் வரும். அதனால் தூக்கமே இல்லாமல் நாள் கணக்கில் தவிப்பவர்கள், யாரோ பேசுவதுபோல் காதில் குரல் கேட்பவர்கள், செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் காசில்லாமல் போன் செய்யலாம், தமிழிலேயே பேசலாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வரலாம். மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டு வரக்கூடாது.

இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். ஏர்வாடி எங்களுக்குத் தூரமில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட வழியில்லாமல் போய் 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக்கூடாது என்று 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் இப்போது தெளிவாகவே சொல்கிறது. தர்காவுக்கோ கோயிலுக்கோ கடற்கரைக்கோ போவதை யாரும் குறை சொல்லவில்லை. அங்கே போவதால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

வலிப்பு, இதயக் கோளாறு, முதுகுத்தண்டு வலி, கர்ப்பம், இதில் எது இருந்தாலும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உட்கார்ந்தே செய்கிற பயிற்சிகளும் நிறைய இருக்கின்றன. தொண்டை கம்மி மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எந்தக் கரை, எந்த நேரம்

வெளியூர்க்காரர்கள் எல்லோரும் தனுஷ்கோடிக்குப் போகலாமா என்று ஆசைப்படுகிறார்கள். 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த சர்ச் சுவரும் ஸ்டேஷன் இடிபாடும் மனசை அசைக்கும்தான். ஆனால் அங்கே காற்று குரலைத் தின்றுவிடும், வேன் வேனாகக் கூட்டம் வரும், அரிச்சல்முனையில் நீரோட்டம் மோசம், கால் நனைக்கவே யோசிக்க வேண்டும். பார்க்கப் போங்கள், பழகப் போகாதீர்கள்.

பழக அரியமான் மாதிரி சவுக்கு நிழலும் தாழ்ந்த அலையும் உள்ள இடம்தான் சரி. பாக் நீரிணைப் பக்கத்தை இங்கே வடகடல் என்போம், மன்னார் வளைகுடாப் பக்கத்தைத் தென்கடல் என்போம். ஆனி, ஆடி மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை எழுந்தால் கதை தலைகீழ். அப்போது நாங்கள் மண்டபத்துக்குத் தெற்கே மாறிவிடுவோம். சந்தேகமாக இருந்தால் கரையில் வலை பின்னுகிற அண்ணன் யாரையாவது கேளுங்கள், காற்றின் பேரோடு பதில் வரும்.

வலை உலர்த்துகிற இடம், கருவாடு காயப்போட்டிருக்கிற இடம், வள்ளம் இழுத்து ஏற்றுகிற தடம், இவற்றில் கால் வைக்காதீர்கள். அது அவர்களுடைய வேலைத்தளம். கூட்டமாகப் போவதாக இருந்தால் ஊர்த் தலைவரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை, பிற்பாடு வரும் கேள்விகளையும் குறைக்கும். நாங்கள் சொல்லாமல் போன முதல் மாதத்தில், ஏதோ மதக் கூட்டம் என்று ஒரு சாராரும் நாடகக் கம்பெனி என்று இன்னொரு சாராரும் பேசிக்கொண்டார்கள். இரண்டாவதுகூடப் பரவாயில்லை.

செருப்பைக் கழற்றுவதற்கு முன் மணலை நன்றாகப் பாருங்கள். எங்கள் மாவட்டத்தில் சீமைக்கருவேல் முள் இல்லாத மண் கிடையாது. அது காய்ந்து மணலுக்குள் நிமிர்ந்து நிற்கும். கரை ஒதுங்கிய சொறியை, அதாவது ஜெல்லி மீனைக் கையால் தொடாதீர்கள். செத்துக் கிடந்தாலும் அரிக்கும்.

உடை எதுவும் சரி, முழங்கால் மடங்க வேண்டும், அவ்வளவுதான். கீழக்கரைப் பெண் பர்தாவோடுதான் கும்மி அடிக்கிறாள், எல்லோரையும்விட வேகமாக.

முதல் மூன்று வாரம்: கால் மட்டும்

முதல் மூன்று வாரம் வாய்க்கு வேலை இல்லை. நடப்பதுதான் பயிற்சி. இதில் சலித்துப்போய் நின்றுவிடுகிறவர்கள் உண்டு, நிற்கட்டும்.

ஈர மணலில் முப்பது அடி, அப்புறம் காய்ந்த மணலில் முப்பது அடி. ஈர மணல் குதிகாலைத் தாங்கும். காய்ந்த மணலில் குதிகால் புதையும், கட்டைவிரல் மண்ணைப் பற்றும், கெண்டைக்கால் இழுக்கும். திரும்பிப் போய் உங்கள் தடத்தைப் பாருங்கள். ஒரு பாதம் ஆழமாகவும் ஒன்று லேசாகவும் பதிந்திருக்கும். என்னுடையது வலது பக்கம் சரிந்திருந்தது. வருஷக்கணக்கில் மெஷினுக்குப் பக்கவாட்டில் நின்று, இடது தோளைத் தூக்கி, வலது காலில் பாரம் போட்டு நின்றவன் நான். இடுப்பு வலிக்கு எத்தனையோ தைலம் தேய்த்தேன். மணல் ஒரே நாளில் படம் போட்டுக் காட்டியது. இதைச் சரிசெய்ய வேண்டும் என்றுகூட இல்லை, பார்த்தால் போதும். அடுத்த வாரம் கால் தானாகக் கொஞ்சம் மாற்றி வைக்கும்.

இரண்டாவது வாரம் அதே நடையை இருவராக நடக்க வேண்டும், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பின்னால் வருகிறவர் முன்னவரின் நடையை அப்படியே எடுத்து நடப்பார். கேலி இல்லாமல் எடுக்க வேண்டும், அது கஷ்டம். பாசிக்காரமதினியின் நடையை எடுத்தபோதுதான் அவர் கழுத்தை எவ்வளவு இறுக்கி வைத்திருக்கிறார் என்று என் கழுத்துக்குத் தெரிந்தது. கடலுக்குள் பாறையில் கால் கிழியாமலிருக்கப் பாதத்தில் தகரத்தட்டைக் கட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்கிப் பாசியைப் பறித்து வருகிறவர் அவர். கரையேறின பிறகும் அந்தக் கழுத்து முங்குகிற கழுத்தாகவே இருக்கிறது.

மூன்றாவது வாரம் கும்மி. முளைப்பாரிக்கு ராத்திரி ராத்திரி அடிப்பார்களே, அதே கும்மிதான். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, ஓரடி நகர்வு. வட்டமாக நிற்பதால் இதில் முன்வரிசை கிடையாது, பின்வரிசையும் கிடையாது. யார் தப்பாக அடித்தாலும் அடுத்த சுற்றில் வந்து சேர்ந்துகொள்ளலாம். ஆண்கள் முதலில் நெளிவார்கள். அவர்களுக்குக் கையில் ஒரு கைக்குட்டை கொடுத்து ஒயில் அடி என்று சொல்லிவிட்டால் நெளிச்சல் போய்விடும். கிட்டத்தட்ட அதே கால்தான், பேர்தான் வேறு. வேகம் கூட்ட வேண்டாம். மூச்சு வாங்கினால் நின்று, கையை முழங்காலில் ஊன்றி, பத்து எண்ணிவிட்டுச் சேருங்கள்.

நாலாவது வாரம்: மூச்சு, அப்புறம் குரல்

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மா இறந்த வருஷம், ஒரு நகரத்தில் நடந்த மூன்று நாள் முகாமுக்குப் பணம் கட்டிப் போனேன். பேர் வேண்டாம். குரலைத் திறக்கிறோம் என்று முதல் நாள் காலையிலேயே அடிவயிற்றிலிருந்து கத்தச் சொன்னார்கள். கத்தினேன். பக்கத்தில் ஐம்பது பேர் கத்தும்போது நாம் கத்துவது நமக்கே கேட்காது, இன்னும் கூட்டிக் கத்துவோம். ஊர் திரும்பியபோது குரல் இல்லை. பத்து நாள் கடையில் "எத்தனை காப்பி?" என்று அட்டையில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன். துக்கம் அப்படியே இருந்தது, தொண்டை மட்டும் போயிருந்தது.

கரையிலும் அதே ஆபத்து உண்டு. அலைச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று குரல் நம்மை அறியாமலே உயரும். அதனால் குரல் பயிற்சிக்கு நாங்கள் தண்ணீர் ஓரத்தை விட்டுச் சவுக்குக்குப் பின்னால் போய், ஒருவர் தோள் இன்னொருவருக்கு எட்டுகிற வட்டமாக உட்கார்ந்துவிடுவோம்.

முதலில் மூச்சு விடுவது. இழுப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது தானாக வரும். மூக்கால் சாதாரணமாக இழுத்து, சூடான டீயை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள். இழுக்க நாலு எண்ணினால் விட ஆறு, பழகப் பழக எட்டு. மூச்சு உள்ளே போகும்போது இதயத் துடிப்பு ஒரு பொட்டு கூடும், வெளியே வரும்போது குறையும். மூளையிலிருந்து இதயத்துக்குப் போகிற வேகஸ் நரம்பு செய்கிற வேலை இது. விடுகிற நேரத்தை நீட்டினால் உடம்பு கொஞ்சம் தணிகிறது. மந்திரம் எதுவும் இல்லை. தலை கிறுகிறுத்தால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். யார் அதிக நேரம் மூச்சடக்குகிறார்கள் என்ற போட்டி மட்டும் எங்கள் கூட்டத்தில் கிடையாது. வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டுத் தண்ணீருக்குள் முங்கினால் உள்ளேயே மயக்கம் போட்டுவிடும் என்பதை மதினி ஒவ்வொரு புதியவருக்கும் எச்சரிப்பார்.

அடுத்தது டம்ளர். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்ட்ராவை இரண்டு விரல் ஆழம் விட்டு, "ஊ" என்று முனகியபடி குமிழி விடுங்கள். பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் தொண்டை கெட்டவர்களுக்குச் சொல்லித் தருகிற முறை இது. குரல்நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாமல் அதிரப் பழகும். குமிழி ஒரே சீராக வந்தால் மூச்சு சீராக வருகிறது என்று அர்த்தம். குழந்தைத்தனமாக இருக்கிறது என்று வி.ஏ.ஓ. ஐயா இரண்டு வாரம் ஸ்ட்ராவைத் தொடவில்லை. இப்போது வீட்டில் பேரனோடு செய்கிறாராம்.

மூன்றாவது முனகல். வாயை மூடி, பல்லைக் கடிக்காமல், "ம்" என்று இழுங்கள். ஒரு கையை நெஞ்சில் வையுங்கள், இன்னொன்றை மூக்கெலும்பில். எங்கே அதிர்கிறது என்று தேடுவதுதான் வேலை. தாலாட்டுக்கு முன்னால் ஆத்தாமார் தொட்டிலை ஆட்டிக்கொண்டு வெறுமனே முனகுவார்களே, அந்த ஸ்தாயி போதும்.

இதெல்லாம் ஆன பிறகுதான் அம்பா. கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க, கயிற்றில் இருக்கிற அத்தனை பேரும் "ஏலேலோ" என்றும் "ஐலசா" என்றும் வாங்குவார்கள். இழுக்கிற கையும் விடுகிற மூச்சும் ஒன்றாக விழுவதற்காக வந்த பாட்டு அது. இப்போது கரைவலையும் குறைந்துவிட்டது, அதில் பாடுகிற வாயும் குறைந்துவிட்டது. நாங்கள் ஒரு பழைய நைலான் கயிற்றைச் சவுக்கில் கட்டி இழுத்துக்கொண்டு பாடுவோம். பழைய வரிகள் தெரிய வேண்டியதில்லை. அந்த வாரம் உங்களைப் படுத்திய விஷயத்தை எடுத்துக் கொடுங்கள், கூட்டம் வாங்கும். "கரண்ட் பில்லு வந்திருச்சு", ஏலேலோ! "கேஸு தீர்ந்து போயிருச்சு", ஐலசா! சத்துணவு அக்கா ஒருமுறை தன் மேலதிகாரி கேட்கிற அறிக்கைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். கயிறு அறுந்துவிடும்போல இருந்தது.

பாங்கு கேட்டாலும் சர்ச் மணி கேட்டாலும் நிறுத்திவிடுவோம். குரலுக்கும் அது நல்ல ஓய்வு. பயிற்சி முடிந்து தொண்டை கரகரத்தால் கனைக்காதீர்கள், குசுகுசுவென்றும் பேசாதீர்கள். இரண்டுமே தொண்டையை இன்னும் வருத்தும். தண்ணீர் குடித்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

அழுகை வந்தால்

எங்கள் இரண்டாவது மாதத்தில் நடந்தது. கும்மி முடிந்து முனகிக்கொண்டிருந்தபோது ஒருவர் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. பல வருஷத்துக்கு முன் கடலுக்குப் போய்த் திரும்பாத தம்பியின் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். நாங்கள் என்ன செய்தோம்? எட்டுப் பேரும் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தோம். "அழுங்க, நல்லா அழுங்க" என்றோம். அவருக்கு மூச்சு முட்டியது. கையை உதறிக்கொண்டு, இருட்டத் தொடங்குகிற நேரத்தில் தண்ணீரைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். மதினிதான் முன்னால் போய் நின்று, தொடாமல், சத்தம் போடாமல், "அண்ணே, அந்தா தெரியிது பாருங்க வெளக்கு, எத்தன போட்டு நிக்கிது?" என்று கேட்டார். அவர் நின்றார். எண்ணினார். ஐந்து. "பச்ச வெளக்கு எது?" காட்டினார். கொஞ்ச நேரத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து இதுதான் முறை. ஒருவர் மட்டும் பக்கத்தில் போவார், மற்றவர்கள் நின்ற இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். தொடுவதாக இருந்தால் கேட்டுவிட்டுத்தான். பாதம் இரண்டையும் மணலுக்குள் புதைக்கச் சொல்வோம். கண்ணைத் திறந்து, எதிரே என்ன தெரிகிறது என்று ஒன்றொன்றாகச் சொல்லச் சொல்வோம். தண்ணீர், அப்புறம் பிளாஸ்கில் இருக்கிற சுக்குக் காப்பி. ஏன் அழுதாய் என்ற கேள்வி அன்றைக்குக் கிடையாது. வீட்டுக்கு ஒருவர் கூடப் போவார், மறுநாள் காலையில் போன் செய்வார். ஒவ்வொரு வாரமும் ஒருவர் ஆடாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார். துண்டு பிடிக்கிற ஆள் என்று அவருக்குப் பேர்.

ஒப்பாரி கற்றுத் தருவீர்களா என்று கேட்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எட்டு வாரத்துக்குள் கிடையாது. துக்க வீட்டில் ஒப்பாரி வைக்கும்போது தோளோடு தோள் கோத்துப் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஒருத்தி மீறிப் போனால் இன்னொருத்தி இழுத்து நிறுத்தித் தண்ணீர் கொடுப்பாள். அந்தத் தோள்கள் முதலில் வேண்டும்.

நடிப்பு: எட்டில் ஒன்று

ஆறாவது வாரத்திலிருந்து நடிப்பு. இதற்குத் தொல்காப்பியர் எங்களுக்குப் பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறார். நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை என்று, உணர்ச்சி உடம்பில் தெரிகிற மெய்ப்பாடு எட்டு. எட்டையும் துண்டு அட்டையில் எழுதி வைத்திருக்கிறோம். ஒன்றை எடுங்கள். எடுத்ததை யாருக்கும் சொல்லாமல், பேசாமல், பத்தடி நடந்து காட்டுங்கள். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். முகத்தை வைத்துக் காட்டாதீர்கள், முதுகைக் காட்டி நடங்கள். முகம் பொய் சொல்லிப் பழகியது.

அதில் அழுகை அட்டைக்குப் பின்னால் இன்னும் நாலு சொல் இருக்கும். அழுகை எதனால் வரும் என்பதற்கு அவர் சொல்கிற நாலு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்றால் பிறர் நம்மை மட்டமாக நடத்தியது. இழவு, இழந்தது. அசைவு, இருந்த நிலையிலிருந்து இறங்கியது. வறுமை தெரிந்ததுதான். இந்த நாலையும் தனித்தனியாக நடந்து பார்க்கச் சொல்வோம். எட்டு வாரத்தில் அதிகம் பேரை அசைத்துவிடுகிற பயிற்சி இதுதான். வி.ஏ.ஓ. ஐயா மனைவி போன துக்கத்தில் இருப்பதாகத்தான் நாங்களும் நினைத்தோம், அவரும் நினைத்தார். இழவை நடந்தார், நன்றாக நடந்தார், ஒன்றும் ஆகவில்லை. அசைவை நடக்கச் சொன்னபோது நாலாவது அடியில் நின்றுவிட்டார். "டீக்கடையில எந்திரிச்சு நிப்பானுங்க தம்பி. இப்ப பெஞ்சுல நகர்ந்துகூட உக்கார மாட்டேங்குறானுங்க" என்றார். அப்புறம் சிரித்துவிட்டார். எனக்கு இளிவு. யார் செய்தது, எப்போது என்பது என்னோடு இருக்கட்டும்.

நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருளாக இரங்கலை வைத்தவர்கள் இந்தக் கரையைப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள் என்று ஒரு நினைப்பு எனக்கு. சாயங்காலம் அதற்கு உரிய பொழுது என்பதும் அவர்கள் சொன்னதுதான். அதனாலேயே அந்தப் பயிற்சியைப் பொழுது சாய்வதற்கு முன்பே முடித்துவிடுகிறோம்.

காட்சி போடும்போது சொந்தக் காயத்தை முதலில் எடுக்காதீர்கள். வேறொருவராக நில்லுங்கள். ஏலக்காரர், பஸ் கண்டக்டர், ரேஷன் கடையில் கைரேகை பதியாத பாட்டி, பாம்பன் பாலத்தில் ரயிலுக்குள்ளிருந்து முதல்முறை கடலைப் பார்க்கிற குழந்தை, இப்படி. கீழக்கரைப் பெண் முதல் மாதம் வாயே திறக்கவில்லை. வட்டத்தில் பேர் சொல்லும்போதுகூடப் பக்கத்திலிருப்பவர் சொல்லுவார். ஒருநாள் அவளுக்கு மீன் ஏலம் விடுகிற காட்சி வந்தது. மணலில் நாலு செருப்பைப் போட்டு, "பாறை மீன், பாறை! நானூறு, நானூறு, நானூத்தம்பது, அண்ணே எங்க பாக்குறீங்க, மீனப் பாருங்க!" என்று ஆரம்பித்தாள் பாருங்கள். வி.ஏ.ஓ. ஐயா தன் செருப்பையே எழுநூறு ரூபாய்க்கு ஏலம் எடுத்தார். ஏலக்காரருக்கு வெட்கப்பட நேரம் கிடையாது; அந்த நேரமில்லாமையை அவள் கடன் வாங்கிக்கொண்டாள்.

சொந்தக் கதையைச் சொல்ல ஆசை வந்தால் அதற்கு ஒரு வழி உண்டு. நீங்கள் உட்கார்ந்து சொல்லுங்கள், மற்றவர்கள் அதை நடித்துக் காட்டுவார்கள். 1975-ல் ஜொனாதன் ஃபாக்ஸும் ஜோ சாலஸும் அமெரிக்காவில் தொடங்கிய பிளேபேக் நாடக முறை அப்படித்தான். தன் கதையை வெளியே உட்கார்ந்து பார்க்கிறபோது, அதில் நமக்கு வசனமே இல்லாமலிருந்தது தெரியும். முடிவில் "நடந்தது இதுதானா?" என்று சொன்னவரிடமே கேட்க வேண்டும். அவர் இல்லை என்றால் இல்லைதான், வாதாடக்கூடாது. போன் எல்லாம் பைக்குள். கரையில் கேட்டது கரையோடு.

இறங்குவது

கடைசி இருபது நிமிஷத்தை யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் சட்டம். வேஷம் கட்டியவர் தண்ணீர் ஓரம் போய் முகம் கழுவுவார். திரும்பி வந்து, தன் பேரையும் ஊரையும் ராத்திரி வீட்டில் என்ன சாப்பாடு என்பதையும் உரக்கச் சொல்வார். "நான் ஏலக்காரன் இல்ல. நான் இன்னார். இன்னைக்கு இடியாப்பம்." கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் இடியாப்பம் என்று சொல்லும்போது ஆள் திரும்பி வந்துவிடுவது கண்ணிலேயே தெரியும். வராதவர்களைப் பஸ் ஏற்ற மாட்டோம், இன்னொரு காப்பி.

எங்கள் கூட்டத்துக்கு எல்லோரும் வர முடியாது. உங்கள் ஊரில் வேறு யாராவது நடத்தினால் போய்ப் பாருங்கள். போகுமுன் நாலு விஷயம் விசாரியுங்கள்: வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுகிறார்களா, கேட்காமல் தொடுகிறார்களா, படம் எடுக்கிறார்களா, மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களா. ஆட்டத்தை எப்படி முடிப்பீர்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் காசு கட்டாதீர்கள்.

மற்ற நாட்களில் வீட்டில் பத்து நிமிஷம் போதும். மொட்டை மாடியில் நடை, டம்ளரில் குமிழி, ஐந்து முனகல். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள், கூட்டம் கொஞ்சம் பெரிதாகும். அப்போது சேர்ந்தால் கயிறு இழுக்கப் பலமான கைகள் கிடைக்கும்.

வரும்போது கொண்டுவர வேண்டியவை: இரண்டு லிட்டர் தண்ணீர், ஏனென்றால் அங்கே ஊற்றுத் தண்ணீர் உப்பு. ஒரு துண்டு, டம்ளர், ஸ்ட்ரா, டார்ச். சட்டையில் ஒரு ஊக்கு குத்திக்கொண்டு வாருங்கள். முதல் நாள் எல்லோருக்கும் முள் ஏறும். மதினி எடுத்துவிடுவார், ஆனால் அவரவர் ஊக்கில்தான் எடுப்பார்.